வில்லை கிடைக்காத ஞாயிறு

அன்புள்ள மகன் நினியனுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும். கடல் தாண்டி வீரே துறைமுகத்தில் இருக்கும் உன்னைக் கர்த்தர் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். உன் தங்கை கிரிஸெல் பெரியம்மையில் போய்விட்ட செய்தி அப்பாவின் கடிதத்தில் வந்திருக்கும். அதைப் பற்றி மேலே எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவள் கட்டிலைக் கழுவி வெளியே வைத்தேன், காய்ந்ததும் உள்ளே எடுத்துப் போட்டேன். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. வடக்குப் பக்கம் கூரை ஒழுகுகிறது, போதகர் வீட்டைப் பழுதுபார்த்துத் தரவேண்டிய ஊர் நிலக்காரர்கள் பார்க்கலாம் என்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, நான் முழுக்க அப்படித்தான் இருக்கிறேன்.

கப்பல்காரர்கள் வாயால் உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் திருவிருந்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இல்லையென்றவர் உன் அப்பாதான். கோபப்படாதே, முழுக்கப் படி. வழக்கம்போல ஊராரை முன்கூட்டியே கூப்பிட்டு விசாரித்து, தகுதி உள்ளவர்களுக்கு ஈய வில்லை கொடுத்தார்கள், அது கையில் இருந்தால்தானே பந்தியில் உட்கார விடுவார்கள். போதகராக அப்பா நடுவில், சபை மூப்பர்கள் இரண்டு பக்கமும். சாவு விழுந்த வீட்டாரிடம் எப்போதும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார், பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கொண்டதற்கு மனதாரச் சம்மதிக்கிறாயா என்று. ஆமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ பெண்கள் அங்கே நின்று சொன்னதுதான், சொல்லும்போது அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். எனக்கு வாய் திறக்கவில்லை. சம்மதம் என்றும் தோன்றவில்லை, சம்மதமில்லை என்றும் தோன்றவில்லை. தோன்றாததைச் சொன்னால் பொய்தானே, கர்த்தருடைய பந்திக்குப் பொய் சொல்லியா போவது. மாவரைக்கும் ஆலைக்காரர் ஆடம், மூப்பர்களில் மூத்தவர், பொறுக்கமாட்டாமல், "போதகரம்மா, சும்மா தலையையாவது ஆட்டுங்களேன், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். ஆட்டவில்லை. அப்பாவின் கை வில்லைப் பையின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றார். அவர் குரல் மாறவே இல்லை.

பந்தியில் விரித்த வெள்ளைத் துணியை வெளுத்தது நான், ரொட்டி சுட்டதும் நான். ஞாயிறன்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கோவிலுக்குள்ளேயே பின்பக்கம் போய் நின்றேன். அங்கே ஜோனட் தன் முக்காலியோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசியதற்காக அவளுக்கும் வில்லை இல்லை. "ஐயோ, நீங்களா? நான் ஊரே கேக்கற மாதிரி திட்டினேன், விலக்கி வெச்சாங்க. நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சொன்னாலும் குத்தம், சொல்லாட்டியும் குத்தமா, நல்லா இருக்கு நியாயம்" என்று முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் எழுந்து நின்றுகொண்டாள். கிரிஸெல் போன பிறகு எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது அது ஒன்றுதான். பந்தியில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அவமானம்கூட எனக்கு உறைக்கவில்லை. அப்பா ரொட்டியைப் பிட்டு, முதலில் தாம் உண்டு, பந்திக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவருக்குக் கஞ்சி ஊற்றினேன். கரண்டியைத் தொடவில்லை. "மேரியன், உன்னை நான் கேட்டேன். என்னை யாரும் கேக்கலையே" என்றார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். "எனக்கும் வாய் திறந்திருக்காது. அப்படி இருந்தும் உக்காந்து தின்னுட்டேன்" என்றார். தகுதியில்லாமல் அதை உண்பவன் தன் ஆக்கினைத்தீர்ப்பையே உண்கிறான் என்று உனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். வருகிற செவ்வாய்க்கிழமை போதகர் மன்றத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லப்போகிறாராம். சொன்னால் பிரசங்க மேடை போகும், அதோடு இந்த வீடும் போகும். வேண்டாம் என்று தடுக்க வேண்டியவள் நான். தடுக்கவில்லை. அவருடைய கறுப்பு அங்கியைத் துடைத்து மாட்டி வைத்திருக்கிறேன்.

பயந்து போய்க் கப்பலேறி வந்துவிடாதே, வேலையைப் பார். ஈரக் காலுறையோடு படுக்காதே, நெஞ்சுச் சளி உனக்குச் சீக்கிரம் பிடிக்கும். அப்பா தம் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், என்னுடையதும் அதோடு சேர்த்தி. ஒன்று மட்டும் மறக்காதே. அங்கேயும் திருவிருந்து வரும், தங்கையைப் பற்றி உன்னையும் கேட்பார்கள். மனதில் ஆமென்று இருந்தால் ஆமென்று சொல். இல்லாவிட்டால் எங்கள் மானத்துக்காகச் சொல்லிவைக்காதே ராசா, பின்னால் போய் நின்றுகொள், பக்கத்தில் நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மேரியன் டூரி