பர்மாக் கதை

1953 மார்ச் 8, நல்லதண்ணி

எங்கள் தேநீர்க் கடையில் இன்றும் பர்மாக் கதைதான். சிவனொளிபாத மலைக்கு வந்த சனம் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்கிறது. இந்த ஆள் தனியாளாக ஏழு ஜப்பான்காரனை மடக்கினாராம். போன வருசம் நாலு பேர்தான்! த்தூ! பட்டாளத்தில் இவர் பிடித்தது துப்பாக்கி இல்லை, சோத்துக் கரண்டி. கூடப் போன மூக்கன் அண்ணனே சொல்லிவிட்டார். எலி ஓடினால் பெஞ்சில் ஏறுகிற வீரர். இவருக்கு வாழ்க்கைப்பட்டேன் பார்.

மார்ச் 15

அடுப்புக்கு விறகில்லை. கதை இருக்கிறது.

ஏப்ரல் 5

மலையேறுமுன் ஆற்றில் குளிப்பது யாத்திரைக்காரர் வழக்கம். இங்கே வெயில், மேலே மழை பெய்தது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகப் பாய்ந்து வந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு சிங்களக் குடும்பத்தை இழுத்துப்போனது. யாரோ, எந்த ஊரோ. கரையில் நின்று எல்லாரும் கத்தினோம், அவ்வளவுதான். இவர் கடைப்பந்தல் கயிற்றை அறுத்து இடுப்பில் கட்டினார். மறுமுனையைப் பக்கத்துக் கடைச் சரிபுதீன் நானா கையில் திணித்துவிட்டுக் குதித்தார். ஒவ்வொருத்தராக மூன்று பேரைக் கரை சேர்த்தார். நாலாவது ஒரு சின்னப் பொண்ணு. பிடித்த கை நழுவிவிட்டது.

எனக்குக் கோபந்தான் வந்துச்சு. யாரக் கேட்டுக் குதிச்சாரு? செத்திருந்தா?

ஏப்ரல் 9

தேயிலைத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கிற பெரிய கங்காணி மாலையோடு வந்தார். தோட்டத்துக்கே பெருமையாம். அன்றைக்குக் கரையில் கை கட்டி நின்ற புண்ணியவான்!

"எப்படிக் குதிச்சேன்னு சொல்லுடா சிவசாமி, எல்லாரும் கேக்கட்டும்."

"நான் எங்கங்க குதிச்சேன்? வழுக்கி விழுந்துட்டேன்."

மாலையை வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 18

வேடிக்கை பார்க்கக் கூட்டம். அந்தக் கயிற்றைக் காட்டச் சொல்கிறார்கள், விவஸ்தை கெட்டதுகள். இவர் வாயே திறப்பதில்லை. பர்மாவும் இல்லை. கழுவின சட்டியையே கழுவுகிறார்.

"அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாத்துச்சு பூரணி" என்றார்.

மே 3

இன்றும் ஒருத்தன் ஆற்றுக் கதை கேட்டான். "தேத்தண்ணிக்கு வந்தியா, கதைக்கு வந்தியா?" என்று விரட்டினேன். பிறகு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, பர்மாவுல ஜப்பான்காரனுங்கள மடக்குனீங்களே, அதச் சொல்லுங்க."

"அது பொய்யின்னு ஒனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். சொல்லுங்க."

கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். அப்புறம், ரெண்டு ஜப்பான்காரன் வந்தான் என்று தொடங்கினார்.

"ஏழு பேருங்க" என்று திருத்தினேன்.