டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

9 ஒக்டோபர் 1989
ஆயுத பூசை. சைக்கிளுக்கும் என் தையல் மெசினுக்கும் பொட்டு வைத்த கையோடு இவர் இரண்டு கணினி டிஸ்க்குக்கும் வைத்துவிட்டார். ஒன்று வெறும் டிஸ்க். மற்றதில் வலிகாமத்துக் கிணறுகளின் உப்பு அளவுகள். ஒன்பது வருடம் போத்தலோடு ஊர் ஊராய்ப் போய் இவர் அளந்தவை. தையில் நூலாக அச்சுக்குப் போகவேண்டும். அளவுகளை எழுதிய கொப்பிகள் எண்பத்தேழாம் ஆண்டு இடப்பெயர்வில் போய்விட்டன. நான் தட்டச்சிட்ட இந்த டிஸ்க்தான் மிச்சம்.

10 ஒக்டோபர்
விசயதசமி. நல்ல நேரம் எட்டரையோடு முடிகிறதென்று, நான் வேலை செய்யும் கல்லூரிக்கு ஓடிப்போய் முதல் வேலையாகப் பிரதி எடுத்தேன். சந்தனம் அப்பிக் கிடந்ததில் ஒட்டியிருந்த பெயர் தெரியவில்லை. மாறிப்போய் வெறும் டிஸ்க்கை அளவுகள் இருந்ததன் மேல் பிரதி எடுத்துவிட்டேன். பாதியில் கறன்ற் போனது. நாசமாய்ப் போன கறன்ற் என்று திட்டினேன். திரும்பி வந்ததும் பார்த்தால் — அளவு ஒன்றையும் காணவில்லை. ஐயோ, என்ன செய்துபோட்டன்!

11 ஒக்டோபர்
இவருக்குச் சொல்லவில்லை. புட்டு நல்லாயிருக்கு என்றார்.

12 ஒக்டோபர்
சொல்லிவிட்டேன். "சந்தனத்தை அப்பினது நானெல்லே. நீர் ஏன் அழுறீர்?" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கிணற்றடியில் முகம் கழுவப் போனவர் கழுவிக்கொண்டே நின்றார்.

14 ஒக்டோபர்
கணினி அறைப் பொறுப்பாளர் ஜெபநேசன் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "உங்கடை முருகன்தான் கறன்ற்றை நிப்பாட்டியிருக்கிறார், மீனாக்கா." பிரதி பாதியில் நின்றபடியால் டிஸ்க்கின் பிற்பாதியில் எதுவும் எழுதப்படவில்லையாம். முற்பாதியும், எது எங்கே என்ற பட்டியலும்தான் அழிந்ததாம், மிச்ச அளவுகளைத் துண்டு துண்டாய் வாசித்து எடுக்கலாமாம். அந்தக் கறன்ற்றையா திட்டினேன்!

20 ஒக்டோபர்
ஜெபநேசன் வாசிக்க நான் தட்டச்சிடுகிறேன். எந்தத் துண்டு எந்த ஊர் என்று தெரியாது. இவர் பின்னால் நின்று எண்ணைப் பார்த்தே சொல்கிறார்: "உது ஏழாலை, ஏரம்பரின்ரை தோட்டக் கிணறு. மாரியிலையும் கரிக்கும்." ஜெபநேசன் வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

5 நவம்பர்
எழுபத்தொன்பது முதல் எண்பத்திரண்டு வரை போனது போனதுதான். மற்றதெல்லாம் வந்துவிட்டது. முகப்பைத் தட்டச்சிட்டேன்: 'வலிகாமத்துக் கிணற்று நீர், 1983–1987.'

"நாலு வருசம் போச்சே," என்றேன்.

"எங்கடை கலியாண வருசத்திலையிருந்து இருக்குத்தானே. அவ்வளவு காணும், விடும்."

இந்த மனுசனை என்ன செய்ய! மூன்று பிரதி எடுத்தோம். பொத்தானை அமத்த மட்டும் என்னை விடவில்லை.