அஸ்கர் திரும்பி வரும் காட்சி

பிப்ரவரி 6

அஸ்கரின் புதுப் படம் என் எடிட்டிங் அறைக்கு வந்துவிட்டது. விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம். ஆனாலும் அவன் படத்துக்கு எடிட்டர் நான்தான். எங்கள் கோபன்ஹேகனில் இதற்குப் பெயர் நாகரிகம். பிரிந்தவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரே மேசையில் கேக் சாப்பிடுவோம், வீட்டுக்கு வந்து தனியாக அழுவோம்.

பிப்ரவரி 11

கதை எங்கள் கதையேதான். ஒருவன் குடும்பத்தை விட்டுப் போய், நண்பன் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறான்; இரண்டு பேருமாகக் கோமாளித்தனம் பண்ணுகிறார்கள். நிஜத்தில் அது அவன் நண்பன் ட்ரோல்ஸ் வீட்டு சோபா. சிரிப்பு வருகிறது, எனக்கே.

ஆனால் கடைசிக் காட்சியில் அவன் திரும்பி வருகிறான். மனைவி பாத்திரம் கழுவுகிறாள். துண்டை எடுத்து, அவள் கழுவிய தட்டுகளைத் துடைக்கிறான். இதை அவன் யாருக்காக எழுதினான்? எனக்காகத்தானே?

பிப்ரவரி 12

அந்தக் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வேறு வேலை நடக்கவில்லை.

மார்ச் 2

வாய் சும்மா இருக்காமல், அப்பா திரும்பி வரப்போகிறார் என்று மகள் விக்காவிடம் சொல்லிவிட்டேன். ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே கேட்டாள். பதினேழு வயதுதான், நாக்கு மட்டும் அவள் அப்பாவுடையது.

"அம்மா, அப்பாவுக்கு வீட்டுக்கு வரணும்னா போன் பண்ணுவாரு. அதுக்காக யாராவது படம் எடுப்பாங்களா?"

எடுப்பான். உனக்கு அவனைத் தெரியாது என்றேன். பாவம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பட்டும் புத்தி வராத ஜென்மம் நான்.

ஏப்ரல் 9

இருபது பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் இருமல் சத்தம்.

வெளியே வந்ததும் அஸ்கர் சொன்னான்: "அவன் திரும்பி வர்றது பொய்யா இருக்கு, ரான்ஹில்ட். அப்படி எவன் வருவான்? எடுத்துடலாமா? நீயே முடிவு பண்ணு."

காபியைக் கையில் பிடித்துக்கொண்டு, வானிலை சொல்கிற மாதிரி சொன்னான். எவன் வருவானாம்! அப்போ இத்தனை நாள் நான் என்னடா பார்த்துட்டு இருந்தேன்?

ஏப்ரல் 10

வெட்டவில்லை.

ஏப்ரல் 14

வெட்டினேன். அவள் தனியாகக் கழுவுகிறாள், ஈரத் தட்டுகளை அப்படியே அடுக்குகிறாள், விளக்கை அணைக்கிறாள். அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தேன். படம் நன்றாகிவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. மேசையில் தலை வைத்து அழுதேன்.

அக்டோபர் 3

முதல் காட்சி. அரங்கமே எழுந்து கைதட்டியது. அஸ்கர் என்னைக் கட்டிக்கொண்டான்.

"எல்லாம் உன்னாலதான். அடுத்த படம் வசந்தத்துல ஆரம்பிக்கிறேன். நீதானே?"

"வேற ஆளைப் பாரு, அஸ்கர்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கூட வந்த விக்கா என் கையை விடவே இல்லை.