மாடி வாடகை கவிதா பேரில்

மார்ச் 24, செவ்வாய்

வெயில். லாரிப் புழுதி ஜன்னல் வரை. வாங்க: டியூப்லைட் 2, பினாயில், ரவை.

ஆடிட்டரிடம் போனேன். நான் நடத்தும் லேடீஸ் ஹாஸ்டலின் கட்டட வாடகை மாதம் 64,000. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் மார்ச்சில் ஒரு தடவை, வருஷ வாடகையில் இரண்டு சதவீதம் நானே பிடித்து ஓனர் பேரில் வரி கட்ட வேண்டுமாம். 15,360. பிடிக்காவிட்டால் என் தலையில் விழும். ஓனர் ஏழுமலையிடம் யார் சொல்வது? நான்தான்.

மார்ச் 25, புதன்

சொன்னேன். தெருவே கேட்கும்படி கத்தினார்.

"என் வூட்டு வாடகையில நீ இன்னாம்மா வெட்டறது? நீ இன்னா கவர்மெண்டா?"

ரிட்டர்ன் போட்டால் அவர் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்குப் பணத்தைவிட, வரி ஆபீசில் பேர் ஏறிவிடும் என்ற பயம்தான் பெரிது.

மாலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை; அவர் வேலைதான். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு முகம் கழுவத் தண்ணீர் இல்லை. தூத்துக்குடி மேரி கேட்டாள்: "யக்கா, நம்மளக் காலி பண்ணச் சொல்லிருவாவளா?" இல்லை என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. இத்தனை பேரை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மார்ச் 27, வெள்ளி

தண்ணீர் வந்தது. கூடவே ஏழுமலையும். யாரோ யோசனை கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் வரி பிடித்துக்கொள்ளலாம். ஏப்ரலிலிருந்து இரண்டு அக்ரிமெண்ட். கீழ்வீடு அவர் பேரில் 32,000. மாடி மருமகள் கவிதா பேரில் 32,000. எதுவும் ஐம்பதாயிரத்தைத் தொடாது, வரிப் பிடித்தமும் இல்லை. மாட்டேன் என்றால் காலி.

"பேரு மட்டும்தாம்மா அவளுது. துட்ட எப்பவும்போல எனக்கே போட்டுடு."

பிள்ளைகளை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். கவிதாவும் வந்து போட்டாள்.

ஏப்ரல் 29, புதன்

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஆடிட்டர் அக்ரிமெண்டைப் பார்த்தார். "மாடி அந்தம்மா பேருல இருந்தா பணமும் அவங்களுக்குத்தான் போவணும். மொத்தத்தையும் பெரியவருக்குப் போட்டா இது சும்மா கண்துடைப்பு. மாட்டறது நீங்க."



மதியம் கவிதா, கையில் பாஸ்புக்.

"அக்கா, மாடி வாடகைய இதுல போடுங்க. என் நகைய வித்துதான் அந்த மாடியே கட்னாங்க. எனக்குன்னு ஒரு ரூபா வந்ததில்லக்கா."

போட்டால் ஏழுமலை விடமாட்டார். போடாவிட்டால் ஆடிட்டர் சொன்னது. பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. இனி இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 30, வியாழன்

காலையில் வாடகையை இருவருக்கும் பிரித்து அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஏழுமலை, பின்னால் கவிதா.

"பாதிதான் வந்துகீது. மீதி எங்கம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் கவிதா முன்னால் வந்தாள்.

"எனக்கு வந்துச்சு மாமா. நீங்கதான கையெழுத்து போடச் சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்து, "உன்கிட்ட அப்பறம் பேசிக்கறேன்" என்றார். அவளிடம் குரலே எழும்பவில்லை. "வூட்டுக்கு வா."

என் கையிலிருந்து பாஸ்புக்கை வாங்கிக்கொண்டாள்.

"பேங்குக்குப் போய்ட்டு வரேன் மாமா."