அன்று காலை ஆறே பேர்

மார்ச் 4, செவ்வாய்

அக்காவுக்கு இன்று ஒன்பதாவது கதிர்வீச்சு. இன்னும் இருபத்து நான்கு பாக்கி. நானே மேசையில் படுக்கவைத்து, நானே கதவைச் சாத்திவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். பதினோரு வருடமாகச் செய்கிற வேலைதான். அக்கா என்றதும் விரல் தயங்குகிறது.

மதியம் மருந்தாளுநர் வந்து, "மாசக் கடைசியோட ஆஸ்பத்திரிய மூடறாங்களாம். கட்டடம், மெஷின் எல்லாம் தனியாருக்குப் போகுதாம்" என்றார். இவருக்கு வேறு வேலையில்லை.

மார்ச் 6, வியாழன்

புரளி இல்லை. சுற்றறிக்கையே வந்துவிட்டது. செவ்வாயன்று ஒரு குழு வந்து பார்க்கும். நோயாளிகள் போதாது என்று எழுதினால் அரசு கையைக் கழுவிவிடும். புதியவர்கள் எப்போது திறப்பார்கள், யாரை உள்ளே விடுவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

புற்றுநோய்க்கென்று அரசு நடத்துவது இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். அடுத்தது ஏழு மணி நேரப் பயணம். தினமும் எப்படிப் போய் வருவது? அக்காவுக்கு இருப்பதுபோன்ற தொண்டைப் புற்றுக்கு நடுவில் நிறுத்தினால் கொடுத்தவரைக்கும் வீணாகிவிடும். இதை எத்தனை பேருக்கு எவ்வளவு சாதாரணமாக விளக்கியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

அக்காவிடம் சொல்லவில்லை. அத்தானிடமும்.

மார்ச் 10, திங்கள்

கண்காணிப்பாளர், "நாளைக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சமெல்லாம் என் மூளை.

வராந்தாவில் தரையிலேயே படுத்திருப்பவர்கள், வாந்தி வாளி, சுவரோரம் பைகள். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் நடத்தத் தோன்றும்? விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா? எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் பதிவேட்டில் இருக்கிறதே. காலை நேரத்துக்காரர்கள் நாற்பது பேரில் முப்பத்து நான்கு பேருக்குப் போன் போட்டு, "நாளைக்கு மட்டும் மத்தியானத்துக்கு மேல வாங்க" என்றேன். அக்காவையும் சேர்த்துத்தான். தொண்டை வறண்டுவிட்டது. பெருமையாகவும் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வராந்தா பளபளவென்று இருந்தது. குழு காலையிலேயே வந்து பன்னிரண்டு மணிக்குப் போனது. அதில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் சிரித்துப் பேசினார். தப்பித்தோம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

அறிக்கையின் நகல் வந்தது. "நேரில் கணக்கெடுத்ததில் அரை நாளில் ஆறு பேர் மட்டுமே சிகிச்சை பெற்றனர். இயந்திரம் பெரும்பாலும் பயன்பாடின்றி உள்ளது. மூடப் பரிந்துரைக்கிறோம்."

ஆறு பேர். ஐயோ, ஆறு பேர். நான்தானே — நானேதானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன். அக்கா தலையிலயும். அத்தனை பேர் தலையிலயும்.

கண்காணிப்பாளருக்குக்கூட இது தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் என் வேலை தப்பும். எந்த ஆஸ்பத்திரியில்?

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இப்போது அவளுக்குக் காற்றுதான் வருகிறது, குரல் இல்லை.

"சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். யாராவது வந்தா அழுக்குத் துணியக் கட்டிலுக்கடியில தள்ளிடுவ." சிரிக்கப் போய் இருமினாள். பிறகு, "போய்ச் சொல்லுடி."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"சொல்லாட்டி எனக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

மார்ச் 18, செவ்வாய்

முப்பத்து நான்கு பேரின் பெயர், போன் செய்த நேரம், அன்று மதியம் அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த பதிவு, எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கண்காணிப்பாளர் இரண்டு தரம் படித்தார்.

"இத மேல அனுப்பினா உங்களக் காப்பாத்த என்னால முடியாதும்மா."

"அனுப்புங்க சார்."

வெளியே வந்து கழிப்பறையில் அழுதேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. பயம், பயம், பயம்.

மார்ச் 20, வியாழன்

பதில் இல்லை.

மார்ச் 24, திங்கள்

இன்னும் இல்லை. மாதக் கடைசிக்குள் அக்காவுக்கு இருபத்தெட்டுதான் முடியும். எத்தனை தரம் எண்ணினாலும் ஐந்து குறைகிறது.

மார்ச் 26, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் குழு மறுபடி வந்தது. நான் யாரையும் நகரச் சொல்லவில்லை. தரையில் படுத்திருந்த பெரியவரைத் தாண்ட வழியில்லாமல் அந்தக் கண்ணாடி அம்மா வாசலிலேயே வெகுநேரம் நின்றார். உட்கார நாற்காலி கேட்டார். இல்லை என்றார்கள். பன்னிரண்டு மணிக்குள் நாற்பத்தொரு பேருக்குக் கொடுத்து முடித்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒரே உறையில் இரண்டு உத்தரவு. மருத்துவமனை அரசிடமே இருக்கும், தொடர்ந்து இயங்கும். நான் பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை சிகிச்சை அறைக்குள் நுழையக் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

அக்காவுக்கு முப்பதாவது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் வேலை பழக்கிய பெண் கதவருகே என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, நான் எல்லோரிடமும் சொல்வதை அப்படியே சொன்னாள்: "கூட வந்தவங்க வெளியில உக்காருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே எந்தக் கோணத்தில், எத்தனை விநாடி என்று எனக்கு மனப்பாடம். இருந்தும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வராந்தாவில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

பக்கத்திலிருந்த அம்மா பையை மடியில் எடுத்து வைத்து எனக்கு இடம் கொடுத்தார்.

"புதுசா? பயப்படாதீங்க. இங்க நல்லாப் பாத்துப்பாங்க."