இடது கன்னத்து வெயில்

மார்ச் 3

காலையில் பல் துலக்கும்போது கவனித்தேன். இடது கன்னத்தில் மட்டும் கடுகு தாளித்தது போலப் பழுப்புப் புள்ளிகள். வலது கன்னம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டும் ஒரே வயதுதானே?

டிரைவிங் ஸ்கூலுக்குப் போனதும் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புதிய விளம்பரப் பலகையில் என் படம் வரப்போகிறதாம். பதினோரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத்தருவதற்கு மரியாதை. பயிற்சி காரில் என் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே சிரிக்க வேண்டுமாம். ஜன்னல் பக்கம் என்றால் இடது கன்னம். ஏப்ரல் 18 அன்று படம் எடுக்கிறார்கள்.

மார்ச் 6

தோல் மருத்துவரிடம் போனேன். கொஞ்சம் பரம்பரை, மிச்சம் வெயில் என்றார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் வருமாம். கண்ணாடியை ஏற்றித்தானே வைத்திருக்கிறேன் என்றேன். சூரியன் சுடாவிட்டாலும் புள்ளி வரவைக்கும் கதிர் கண்ணாடி வழியே வந்துவிடுமாம். பதினோரு வருடம் அந்தக் கண்ணாடியை நம்பியிருக்கிறேன்!

பகலில் சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவில் மட்டும் ஒரு களிம்பு. மங்குவதற்கு மாதக்கணக்காகும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்றார். எனக்கு இருப்பது ஆறு வாரம்.

மார்ச் 10

இரண்டு மாணவர்களுக்கு ஒரு முறை பூச்சு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மூன்று முறை தேர்வில் தோற்ற ஓய்வுபெற்ற தபால்காரர் என் முகத்தையே பார்த்து வண்டியைச் சாலையோரக் கம்பத்தில் உரசிவிட்டார். கதவில் ஒரு முழக் கீறல். "வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருந்துச்சு மேடம், கண்ணு அங்க போயிடுச்சு" என்கிறார். இனி நன்றாகத் தேய்க்க வேண்டும்.

மார்ச் 18

எரிகிறது. கன்னம் சிவந்து தோல் உரிகிறது. என் புத்தியை என்ன சொல்ல? சீக்கிரம் போகட்டும் என்று இரவுக் களிம்பைக் காலையிலும் தடவிக்கொண்டு ஒரு வாரமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

மருத்துவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒண்ணா மிதிக்கிற ஸ்டூடண்ட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

நான் சொல்வதை அங்கே சொல்ல முடியாது. புண் ஆறும்வரை களிம்புக்கு விடுமுறை.

மார்ச் 22

மகளின் நீச்சல் பயிற்சியாளர் போன் செய்தார். அவள் இரண்டு வாரமாக வரவில்லையாம். மே மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் மறுத்துவிட்டாளாம். தினமும் பையைத் தூக்கிக்கொண்டுதானே போனாள்? நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

கத்தினேன். அவள் கத்தவில்லை. மூக்கைக் காட்டினாள். மூன்று புள்ளிகள், சின்னதாக.

"தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு மூஞ்சி கெட்டுப்போச்சுன்னு சொல்றியேம்மா. எனக்கும் அதே மூஞ்சிதானே? குளத்துலயும் ஒரே வெயிலு."

ஏழு வயதிலிருந்து தண்ணீரிலேயே கிடந்த பிள்ளை. நானா இதைச் செய்தேன்? நான்தான்.

மார்ச் 23

கண்ணாடி முன் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 29

பயிற்சியாளரிடம் பேசி அவள் நேரத்தைக் காலை ஆறுக்கு மாற்றியாயிற்று. தண்ணீரில் சட்டென்று கரையாத சன்ஸ்கிரீன் வாங்கினேன். "இது மூஞ்சி கெட்டதுக்கு இல்ல, தோல் எரியாம இருக்க" என்றேன். நம்பினாளா தெரியாது. ஆனால் பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது, "காதுல போட மறந்துட்ட" என்று என் இடது காதில் அவளே கொஞ்சம் தடவிவிட்டாள்.

ஏப்ரல் 18

படம் எடுத்தாயிற்று. புள்ளிகள் கொஞ்சம் மங்கியிருந்தன, கொஞ்சம்தான். புகைப்படக்காரர் மடிக்கணினியில் என் கன்னத்தைப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் அழித்துவிடலாம், ஒரு நிமிட வேலை என்றார். ஆறு வாரமாக நான் கேட்டது அதுதான்.

படம் எடுப்பதைப் பார்க்க வந்த மகள் பின்னால் நின்றிருந்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும்" என்றேன். "கதவுல ஒரு கீறல் இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க. டிரைவிங் ஸ்கூல் மானம் போகுது."

அவள் சிரித்த சத்தம் முதலாளி அறைவரை கேட்டிருக்கும்.

மே 20

கடைசியில் பெயர் கொடுத்துவிட்டாள். போட்டியில் நான்காவது. பதக்கம் மூன்று பேருக்குத்தான். பரவாயில்லையாம், அடுத்த முறை திருப்பத்தில் நேரம் மிச்சம் பிடிப்பாளாம்.

ஆகஸ்ட் 11

பலகை மேற்குப் பார்த்து நிற்கிறது. மூன்று மாத வெயிலில் படம் வெளுத்து, புள்ளிகள்தான் முதலில் காணாமல் போயிருக்கின்றன. நான் காசு கொடுத்தும் நடக்காததை வெயில் இலவசமாகச் செய்திருக்கிறது. தபால்காரர் அண்ணாந்து பார்த்து, "பத்து வயசு குறைஞ்சிட்டீங்க மேடம்" என்றார். அவர் தேறிவிட்டார், எது சொன்னாலும் செல்லும்.

நிஜக் கன்னத்தில் பாதி மங்கிவிட்டது. பாதி இருக்கிறது.

மதியப் பூச்சுக்குக் காரின் டாஷ்போர்டு அறையைத் திறந்தால் என் சன்ஸ்கிரீனைக் காணோம். வீட்டுக்கு வந்து தேடினேன். அவள் நீச்சல் பையில், ஈரத் துண்டுக்கு அடியில், பாதி தீர்ந்து கிடந்தது.