இரண்டாம் ஞாயிறில் தட்டு மாறிய கதை

கம்பம்,
ஆடி 21, புதன்கிழமை

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மாடு மூவரும் சுகம். ஆடிக்காற்றுக்குப் பறந்துபோன மாடித் தகரம் மட்டும் சுகமில்லை, அது பக்கத்துத் தோப்பில் போய் விழுந்து, தோப்புக்காரர் அதன்மேல் தேங்காயைக் குவித்துவிட்டதால் திருப்பிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கடல் தாண்டி அங்கே பிரெமனில் நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள். நேற்றுத்தானே வீடியோவில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று கேட்பாய். வீடியோவில் உன் அப்பா பாதி முகத்தை உள்ளே நுழைத்துக்கொண்டு, அங்கே திராட்சை கிலோ என்ன விலை என்று வாரா வாரம் அதே கேள்வியைக் கேட்கிறார், அவர் பக்கத்தில் இருக்கும்போது நான் என் மானம் போன கதையைச் சொல்ல முடியுமா. முப்பது வருடம் தபால் ஆபீசில் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தின கைக்குத் தன் கதையை எழுத உரிமை உண்டு. உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

தேனி பஜாரில் பைப் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் அண்ணாச்சி கடை மாடியில், மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் நாலு பேர் கூடி இசைத்தட்டு கேட்கிறோம் என்று உன்னிடம் பெருமை அடித்திருக்கிறேன் அல்லவா, அங்கேதான் விவகாரம். அண்ணாச்சி சர்ச்சில் இருபது வருடம் ஆர்கன் வாசித்தவர், அவருக்கு மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம்தான் மூச்சு. தேவாரம் ஊர்க் கோட்டைச்சாமி ஹெட்மாஸ்டருக்குக் கர்நாடக சங்கீதம், பஸ்ஸில் வரும்போதும் தொடையில் தாளம் போட்டு, அது தன் தொடைதானா என்று பார்க்காததால் இரண்டு தடவை அடிவாங்கப் பார்த்தார். ராயப்பன்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் எப்சிபா டீச்சருக்கு ராக், அதுவும் முடி வளர்த்த ஆண்கள் தொண்டை கிழியக் கத்தும் ராக், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிற பெண் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாய். நான் எதைப் போட்டாலும் தலையாட்டுவேன், அதற்காகவே சேர்த்துக்கொண்டார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். சீட்டுக் குலுக்கி ஒருவர் தட்டை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு மாதம் வைத்துக் கேட்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என்ன கேட்டோம் என்று சொல்ல வேண்டும்.

வைகாசி மாதக் கூட்டத்தில் அண்ணாச்சியின் தட்டு எனக்கு வந்தது. செல்லோ என்று ஒரு வாத்தியம், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும், தரையில் ஊன்றி இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்து இழுக்கிறார்கள், பக்கவாத்தியம் எதுவும் கிடையாது, ஒரே ஆள் ஒரே வில். அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் கொடுத்து, "இந்தத் தட்டு முப்பது வருசமா எங்க வீட்டு வாசலத் தாண்டினதில்ல தங்கச்சி. உங்ககிட்டக் குடுக்கலாம்னு தோணுச்சு, நீங்க உக்காந்து கேப்பீக" என்றார். நான் அதைக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன், அது பீரோ மேலேயே இருந்தது. நேரமில்லை என்று சொன்னால் பொய், டிவியில் ஒரே மருமகள் மூன்று தடவை விஷம் வைத்ததை முழுதாகப் பார்க்க நேரம் இருந்தது. மனசில்லை, அவ்வளவுதான். அட்டைப் படத்தில் செல்லோவைக் கட்டிக்கொண்டிருந்த நரைத்தலை மனிதர் அச்சு அசலாக என் பென்ஷன் பேப்பரை ஏழு மாதம் இழுத்தடித்த மேலதிகாரி மாதிரி இருந்தார், அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கூட்டத்தன்று காலையில் கம்பம் ஸ்டாண்டில் பஸ் ஏறிய பிறகுதான் தட்டை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. ஆனாலும் உன் அம்மா யார். தபால் ஆபீசில் யாருக்குப் பணி நிறைவு விழா என்றாலும், ஆளைப் பிடிக்குமோ பிடிக்காதோ, கால்மணி நேரம் கண்ணீர் வரப் பேசியவள். சின்னமனூர் வருவதற்குள் பேச்சு தயார். மாடியில் முதலில் எழுந்தது கோட்டைச்சாமி. அவர் கைக்கு வந்திருந்தது எப்சிபாவின் ராக் தட்டு, அட்டையில் எலும்புக் குதிரை ஒன்று நெருப்பு கக்கும். இது சங்கீதமா இடியா என்று ஆரம்பித்து, டிரம்ஸ்காரனுக்குத் தாளக் கணக்கே இல்லை, நாலாவது பாட்டில் இரண்டு இடத்தில் அரை அட்சரம் சறுக்குகிறான், கேட்டதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி, என் சம்சாரம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இருபது நிமிடம் விளாசினார். எப்சிபா முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்து நான். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடம் வருகிறது அண்ணாச்சி, மேகமலையில் மழை விட்ட பிறகு இலை நுனியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசிக்குமே, வில் அப்படி நிற்கிறது என்றேன். எங்கிருந்து வந்ததோ, எனக்கே உடம்பு சிலிர்த்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்தவர் கண்ணாடியைத் திரும்பப் போடாமலே, அந்த இடத்தை எல்லாருமாகக் கேட்போம் என்று உறையிலிருந்து தட்டை உருவி, இரண்டாம் பக்கம் மேலே வரும்படி வைத்து, முள்ளை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

கயல், அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன். டிரம்ஸ் விழுந்த வேகத்தில் அலமாரியிலிருந்து முக்கால் இஞ்ச் பைப் எல்போ நாலைந்து உருண்டு கீழே விழுந்தன. ஒருவன் பல் பிடுங்கப்படுகிறவன் மாதிரி அலறினான். நடந்தது இதுதான். என் கைக்குத் தட்டு வருவதற்கு முந்தைய மாதம் எப்சிபாவின் தட்டு அண்ணாச்சி வீட்டில் இருந்தது. அந்த மனிதர் அதை நிஜமாகவே கேட்டிருக்கிறார், ஒருநாள் ஒரு பக்கம் ராக் கேட்டுவிட்டு, காது கழுவ ஒரு பக்கம் செல்லோ கேட்டிருக்கிறார், எடுத்து வைக்கும்போது இது அதற்குள்ளும் அது இதற்குள்ளும் போய்விட்டது. அதாவது ஒரு மாதமாக என் பீரோ மேல் இருந்தது குதிரை. கோட்டைச்சாமிக்குத் தலைவலி கொடுத்தது செல்லோ. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் உறையைத் திறந்து முள்ளை வைத்திருந்தாலும் முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். எப்சிபா எழுந்து ஹெட்மாஸ்டர் பையிலிருந்து குதிரை அட்டையை எடுத்து, உள்ளே இருந்த தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நடுவில் இருந்த பேரைப் படித்தாள். பிறகு மிக மெதுவாக, "அரை அட்சரம் எங்கன சார் சறுக்குச்சு?" என்று கேட்டாள். கோட்டைச்சாமி கூரையைப் பார்த்து, "தலவலி நெசம் டீச்சர்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பிளேயரை நிறுத்தி, இரண்டு தட்டையும் துணியால் துடைத்து அதனதன் உறையில் போட்டார். டீ வந்திருச்சு, குடிங்க என்றார், அவர் குடிக்கவில்லை. அன்றைக்கே வாட்ஸாப் குழுவில், அடுத்த மாதத்திலிருந்து மாடி சரக்கு வைக்கத் தேவைப்படும் என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறிவிட்டார். அட்மினே வெளியேறின குழுவில் மூன்று பேர் கல்யாணம் முடிந்த பந்தலில் நிற்கிற மாதிரி நின்றோம். போன் செய்தேன், எடுக்கவில்லை. பதினாறு வருடப் பழக்கம் கயல், உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது சரக்கு வேனில் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோன மனிதர், அவர் என்னை நம்பி ஒரே ஒரு பொருளைக் கொடுத்தார், நான் மேகமலையில் மழை பெய்யவைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கியது, அது வேறு விஷயம்.

பிறகு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கட்டி, தேனி பஸ் கண்டக்டரிடம் சொல்லிக் கடையில் இறக்கச் செய்தேன். மறுநாள் அதே பஸ்ஸில் அதே பெட்டி திரும்பி வந்தது. போச்சு என்று திறந்தால் உள்ளே அவர் மனைவி ஜெபஷீலா அக்கா செய்த முந்திரிக்கொத்து. பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் வந்த பெட்டியை வெறும் பெட்டியாக அனுப்புகிற குடும்பம் இல்லை அது. நானும் அப்படிப்பட்டவள் இல்லையே, பெட்டியில் முருங்கைக்காயும் நார்த்தங்காயும் வைத்து அனுப்பினேன். திரும்ப வந்தபோது ஏலக்காய். நான் நெல்லிக்காய் அனுப்பினேன், அங்கிருந்து அச்சுமுறுக்கு வந்தது. கண்டக்டர், இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேசுறீகளாக்கா என்று கேட்டார், சண்டை தம்பி என்றேன், இப்படி ஒரு சண்டை என் வீட்டுக்கு வரக் கூடாதா என்றார். நாலாவது தடவை பழம் காய் எதுவும் வைக்கவில்லை. ஒரு துண்டுத்தாளில், அந்தத் தட்டைக் கொடுங்கள் அண்ணாச்சி, இந்தத் தடவை கேட்கிறேன் என்று எழுதி அதை மட்டும் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் பெட்டி வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது, பழைய பேப்பர் சுற்றி, நரைத்தலை மேலதிகாரி உள்ளே படுத்திருந்தார்.

கேட்டேன். முதல் தடவை ஐந்தாம் நிமிடம் தூங்கிவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நின்று காதைக் கொடுத்துவிட்டு, மோட்டார் பேரிங் போயிருச்சு போல என்று திரும்பவும் கிணற்றுக்கே போனார். மூன்றாம் தடவை டிவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்தி, கீரை ஆயாமல், போன் பார்க்காமல் சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாளே தேனிக்குப் போய் மாடி ஏறினேன். அண்ணாச்சி பில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பேச்சு எதுவும் தயார் செய்யாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி" என்றேன். ஒரு மனிதர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு அறை முழுக்கத் தடவித் தேடுகிற மாதிரி இருக்கிறது, ஏறுகிறார், இறங்குகிறார், கிடைக்கவே மாட்டேன் என்கிறது, தூக்கம் வந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் வாத்தியம் நின்றுபோகிறது, அப்போது அந்த ஆள் மூச்சு இழுப்பது கேட்கிறது, மூட்டை தூக்கப் போகிறவன் இழுக்கிற மாதிரி. அது மட்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது என்றேன். அண்ணாச்சி பேனாவை வைத்தார். அந்த மூச்சு மொத்தம் எத்தனை தடவை என்று கேட்டார், எனக்கு ஒன்றுதான் கேட்டது என்றேன். "ரெண்டு. மொத மூச்சு லேசா இருக்கும், வில்லுச் சத்தத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும்" என்றார். பிறகு கீழே எட்டிப் பார்த்து இரண்டு டீ சொன்னார். டீ வந்து, ஒரு வாய் குடித்த பிறகு, "முப்பது வருசமா எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாக தங்கச்சி. அதுல மூச்சு இருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். சரக்கு வைக்க வேண்டும் என்ற மாடியில் இன்னும் ஒரு பைப்கூட வந்து இறங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வருகிற ஞாயிறு கூட்டம் உண்டு. கோட்டைச்சாமிக்குத் தண்டனையாகக் குதிரையை மறுபடி கொடுத்திருக்கிறார்கள், தேவாரத்தில் பம்ப்செட் ரூமில் உட்கார்ந்து கேட்கிறாராம், தாளக் கணக்கு சுத்தமாக இருக்கிறது, நான் எப்போது குறை சொன்னேன் என்கிறாராம்.

இனி உன்னிடம் வருகிறேன். போன டிசம்பரில் நீ எனக்கு ஒரு ராக் தட்டு அனுப்பினாய், நீல அட்டை. கிடைத்தது தங்கம், சூப்பர், அம்மா தினமும் கேட்கிறேன் என்று மூன்று இதயப் படம் போட்டு அனுப்பினேன். கயல், போன சனிக்கிழமைதான் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். எட்டு மாதம். முதல் பக்கம் சகிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன், மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு ஒன்று இருக்கிறது, அந்தப் பெண் கத்தவே இல்லை, ஒரே கிடாரோடு மெதுவாகப் பாடுகிறாள், எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், வீட்டுக்குப் போகப் பஸ் இல்லை என்கிற மாதிரி ஏதோ. அதைத் திரும்பத் திரும்ப ஏழு தடவை வைத்தேன். அதை அனுப்பின டிசம்பரில் நீ போனில் நன்றாகச் சிரித்துத்தான் பேசினாய். எதற்காக எனக்கு அந்தப் பாட்டை அனுப்பினாய் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியவள், இன்றைக்குக் கேட்கிறேன்.

அப்பா திராட்சை விலையைக் கேட்டு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். இரவில் தலைக்குக் குளிக்காதே, காலுறை ஈரமாக இருந்தால் கழற்று. கம்பராயப் பெருமாள் உனக்குத் துணையிருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், நினைக்காததும் நல்லதாகவே நடக்கட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு, எத்தனை பக்கம் ஆனாலும் சரி. படிக்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
எட்டு மாதம் தாமதமாகக் கேட்கும் உன் அம்மா,
பாண்டியம்மாள்